பகல் முழுவதும் அவர் எங்கே இருந்தார்

ஜூன் 11, 2002. வைட்ஃபீல்ட்

மேகம் மட்டும்தான், மழை இல்லை. ஆபீசில் லீவு போட்டுவிட்டு, இந்தப் பழைய பங்களாவில் நடக்கிற எழுத்தாளர் முகாமில் ஆறு வாரம் தங்கி நாவலை முடிக்க வந்தேன். வந்து பத்து நாளில் திருத்தியதெல்லாம் கால்புள்ளிகள்தான். நாளைக்கு லாவண்யா படித்துவிட்டுப் பேசுவாள். எங்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்ல சென்னைப் பதிப்பகத்திலிருந்து வந்திருக்கிற எடிட்டர். என்னைவிடச் சின்னவள். பாராட்டுவாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி அத்தியாயம் பத்திரிகையில் வந்தபோது எத்தனை பேர் படித்து அழுததாக எழுதினார்கள்.

ஜூன் 12

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஆஸ்பத்திரி அத்தியாயத்துல குழந்தை இறந்தே பொறக்குது. புருஷன் சாயங்காலம்தான் வர்றான், சட்டையெல்லாம் மண்ணோட. பகல் பூரா எங்க இருந்தான்?"

"தெரியாது."

"அவளுக்குத் தெரியாம இருக்கலாம். எழுதுற உங்களுக்குத் தெரியணுமில்ல?"

"அவன் அப்படிப்பட்ட ஆளு. குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கெடந்திருப்பான்."

"இத்தனை பக்கத்துல அவன் பேசுற எதுவுமே மனுஷன் பேசுற மாதிரி இல்லக்கா. திட்டுறதுக்காகவே அவனை நிக்க வச்சிருக்கீங்க."

தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கல்யாணமே ஆகாதவள். இவளுக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரி பெட்டுல கெடந்தது நானா, அவளா?

ஜூன் 13

சாப்பிடப் போகவில்லை.

ஜூன் 16

அந்தப் பகலை எழுதிப் பார்த்தேன். என் புருஷனாக இருந்த மூர்த்தியை ஒயின் ஷாப்பில் உட்கார வைத்தேன். பொய். அவர் குடிக்கமாட்டார், நாவலில் குடிக்க வைத்தவள் நான். பாக்டரிக்கு அனுப்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. நண்பன் வீட்டுக்கு? அவருக்கு ஏது நண்பன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

குழந்தை போன பிறகும் இரண்டு வருஷம் ஜீவனஹள்ளியில் ஒரே வீட்டில் இருந்தோம். அப்புறம்தான் பிரிந்தது. ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஏன்? பதில் தெரியும் என்று நினைத்தேனா? கேட்டால் கோபம் போய்விடும் என்று பயந்தேனா?

பக்கத்து அறை டிரேவர், காக்ஸ் டவுன்காரர், நாடகம் எழுத வந்திருக்கிறார். டீ குடிக்கும்போது, "இன்னா சிஸ்டர், பேஜாரா கீறீங்க?" என்றார். சொன்னேன். "அந்த ஆளையே கேக்கறது. உயிரோடதான கீறாரு?"

சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20

மூர்த்தியின் பாக்டரிக்கு போன் பண்ணினேன். குரலைக் கேட்டதும், "தாரணியா? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்கு வரச் சொன்னார்.

ஜூன் 23

பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரி. அவருக்கு முடி கொட்டியிருக்கிறது. மறுபடி கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாளாம். அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

எந்த அன்னிக்கு என்று அவர் கேட்கவில்லை.

"துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. இங்கயே விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்னாங்க. எனக்கு மனசு வரல. இடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சீட்டு வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வந்தா டாக்டர் வீட்டுக்குப் போயிட்டாரு. வீட்டைத் தேடிப் போயி, வாங்கி, மறுபடி போயி..." டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பஸ்ல ஏத்த மாட்டாங்க. நடந்தேன். குழி வெட்டுறவன் இல்ல. நானும் சேந்து வெட்டினேன்."

"ஏன் சொல்லல?"

"உங்கம்மா வேணாம்னாங்க. பொதைச்ச எடத்தைப் பாக்கணும்னு கேப்பியாம். அப்புறம் நீ மொகம் குடுத்தே பேசல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

ஆஸ்பத்திரியிலேயே அடக்கத்தை முடித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். நம்பிவிட்டேன். அவர் சட்டையில் மண்ணைப் பார்த்தேனே. என் கண்ணாலதானே பார்த்தேன்.

கிளம்பும்போது, "பத்திரிகையில வந்ததப் படிச்சேன்" என்றார். பஸ் ஏறப் போனபோது கூப்பிட்டு, "இத மட்டும் எழுதாத. வீட்ல இவளுக்குத் தெரியாது" என்றார்.

சரி என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பஸ் நகர்ந்த பிறகுதான் வாய் வந்தது.

ஜூன் 24

லாவண்யாவிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அக்கா, இதுதான் உங்க நாவல்" என்றாள்.

"எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"பேரை மாத்திடலாமே."

பத்திரிகையிலும் பேரை மாற்றித்தான் போட்டிருந்தேன். அவருடைய அண்ணன், தம்பி, பாக்டரி ஆட்கள், எல்லாரும் படித்தார்கள். யாருக்குத் தெரியாமல் இருந்தது?

ஜூலை 2

எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த வெயிலில் அவர் நடப்பதை எழுதினால் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல பக்கமாக இருக்கும். அதுவும் தெரிகிறது. சீ.

ஜூலை 12

கடைசி நாள். எல்லாரும் எழுதியதை வாசித்தார்கள். டிரேவர் நன்றாகச் சிரிக்க வைத்தார். நான் வாசிக்கவில்லை. நாவலைக் கொடுக்கவும் இல்லை. அவர் இல்லாமல் அதை எழுத முடியாது, இருக்கிறபடி விடவும் முடியாது.

லாவண்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தாள். "என்னாலதான் உங்க நாவல் போச்சு."

"நீ கேட்டது சரி. நான் கேக்க வேண்டிய நாள்ல கேக்கல."

ஜனவரி 19, 2003

ஆபீஸ் சிநேகிதிகள் இருவரைப் பற்றிச் சிறுகதை ஒன்று எழுதியிருக்கிறேன். லாவண்யா இரண்டாம் தடவையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கதையில் வருகிற மேனேஜர் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று கேட்டிருக்கிறாள். கோபம் வந்தது. காபி ஆறுவதற்குள் போயும்விட்டது.

மத்தியானம் அந்த இடுகாட்டுக்குப் போனேன். சுவர் ஓரம், புங்க மரம் என்று மூர்த்தி அன்று பேக்கரியில் சொல்லியிருந்தார். மரம் இருக்கிறது. அதன் அடியில் யார் யாரோ. காவலாளி வந்தார்.

"யாரும்மா?"

"என் பொண்ணு. தொண்ணூத்தஞ்சுல."

"அது பழசாச்சேம்மா. யாரு கொண்டாந்தாங்களோ அவங்களக் கேட்டாத்தான் எடம் தெரியும்."

"அவ அப்பா," என்றேன். "அவர்தான் தூக்கிட்டு வந்தார். நடந்தே வந்தார்."