கிளியை வைத பாட்டு

மதினி,

நேற்றுக் கம்பம் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பழைய கிராமபோன் பெட்டியைத் திறந்தார். எண்ணெயும் அரக்கும் கலந்த வாசம். அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்களைப் பாட்டுக்காரி என்று யாரும் சொன்னதில்லை. கனத்த ஆண்பிள்ளைக் குரல். தாலாட்டினால் பிள்ளை பதறி எழும். அந்தக் குரலுக்குச் சோளக்காட்டில்தான் வேலை. பரண்மேல் நின்று கிளிகளை வைது பாடுவீர்கள். அடுத்த பரணிலிருந்து நான் கிளியாகக் கத்திப் பதில் சொல்வேன். எனக்குக் கல்யாணமானபின் வசவையும் கிளியின் பதிலையும் நீங்களே பாடினீர்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த இசைத்தட்டுக் கம்பெனி ஏஜெண்டு அதைக் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டார். அண்ணனோடு மதராஸ் போனீர்கள். மைக்குமுன் உட்காரச் சொன்னார்களாம். "உக்காந்து பாடுனா கிளி போகாதுய்யா" என்று எழுந்து நின்றீர்களாம்.

தட்டு வந்ததும் போடியிலிருந்து கூடலூர்வரை காப்பிக்கடைகளில் அதே பாட்டு, அதே சிரிப்பு. அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"ஊரே சிரிக்குது. நான் எப்படி வெளிய தல காட்ட?"

"சும்மாவா சிரிக்கிறாக? பிளேட்டு வாங்கியில்ல சிரிக்கிறாக!"

அந்தச் சமயத்தில்தான் நான் பிள்ளையைப் பறிகொடுத்துப் பிறந்த வீடு வந்திருந்தேன். பேச்சே நின்றுபோயிருந்தது. சின்னமனூரில் உங்களை மேடையேற்றியபோது என்னையும் கைப்பிடித்துக் கூட்டிப்போனீர்கள்.

வாய் திறக்குமுன்பே கூட்டம் சிரித்தது. "ஆம்பளக் கொரலு வந்துருச்சுடோய்!" என்றான் ஒருவன். கிளியை வைது முதல் அடி பாடினீர்கள். அத்தோடு தொண்டை அடைத்துக்கொண்டது. முந்தானையை இறுகப் பிடித்தபடி நின்றீர்கள். சிரிப்பு ஏளனமாக மாறியது.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்து கிளியாகக் கத்தினேன்.

சட்டென்று திரும்பினீர்கள். "வந்துட்டியா, திருட்டுக் கிளி!" பாட்டு மறுபடி பிறந்தது. இருவருமாக முடித்தபோது அண்ணனே விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பும் வண்டியில் கேட்டீர்கள்: "தொண்ட வலிக்குதா, ஆத்தா?"

"வலிக்குது மதினி."

அத்தனை மாதங்களில் நான் பேசிய முதல் பேச்சு. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதீர்கள்.

அடுத்த தட்டு விற்கவில்லை. கம்பெனி கூப்பிடவுமில்லை. நீங்கள் மறுபடி பரண் ஏறினீர்கள். "கிளி இன்னும் பயப்படுதுல்ல, அது போதும்" என்றீர்கள்.

நீங்கள் போன அன்று ஒப்பாரி எடுத்தது நான்தான். தெருக்கோடிவரை கேட்டதாம். இப்போது பிள்ளைகளை அதட்டுகிறேன், சந்தையில் பேரம் பேசுகிறேன். இன்று காலையில்கூட உங்கள் கிளிப்பாட்டை நினைத்துக்கொண்டபோது அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, இம்புட்டுச் சத்தமாச் சிரிக்கிறீக?" என்றாள்.