நஜிமா தூங்கிப் படித்த கதை

கொல்லிமலை, எடப்புளி நாடு
1938 ஜூன், வியாழக்கிழமை

கண்ணு அமீர் பாஷாவுக்கு உன் அத்தா ஜாபர் உசேன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் தங்கை நஜிமாவும் சுகமே. முள்ளுக்குறிச்சியில் பக்கத்து ஊட்டில் விட்டுவந்த வெள்ளாடு எங்களைவிட ஒரு பங்கு கூடுதல் சுகம் என்று கேள்வி. பினாங்கில் உன் தேகமும் கண்ணும் வயிறும் நன்றாக இருக்க வேண்டும் என்று தொழுகை தோறும் கேட்டு வருகிறோம், இதில் கண்ணை ஏன் தனியாகச் சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். இது பலாப்பழக் காலம் ஆனதால் பழம் பிடிக்க மலைக்கு வந்திருக்கிறோம். வழக்கம்போல நம் காளியண்ணன் ஊட்டில்தான் தங்கல். முந்தாநாள் நான் பேசி முடித்து அடையாளம் வைத்திருந்த பழத்தைக் கரடி ஒன்று பிளந்து தின்றுவிட்டுக் கொட்டையை மட்டும் எனக்கு விட்டுப் போயிருக்கிறது. வியாபாரத்தில் எனக்கு எப்போதும் கிடைக்கும் பங்கு அதுதானே என்று உன் அம்மா சொல்லிச் சிரிக்கிறாள்.

நஜிமா எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்ற சேதியைச் சென்ற மாதக் கார்டில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அவள் எப்படித் தேறினாள் என்பதை விவரமாக எழுதச் சொல்லி நீ கேட்டிருக்கிறாய், உன் கால அட்டவணையால்தான் தேறினாள் என்று உன் துணிக்கடைச் சிநேகிதர்களிடம் பெருமையும் பேசிவிட்டாயாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

தை மாதம் நீ அனுப்பிய அட்டவணையை அவள் கூழ் தடவிச் சுவரில் ஒட்டினாள். சேவல் கூவுமுன் எழு, ஊரடங்கிய பிறகு படு, பகலில் கண்ணை மூடாதே, தூக்கம் வந்தால் பின்னலை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் உன் அம்மாவைப் பார்த்தேன். எழுதியவன் யார்? பலாப்பழ வண்டியில் பழத்தோடு பழமாகத் தூங்கிப்போய், ஆத்தூர் சந்தையில் பழத்தோடு இறக்கி வைக்கப்பட்ட மகராசன். உன்னை எழுப்பத் தண்ணீர் தெளித்துத் தெளித்து நீ படுக்கும் மூலையில் தரையே பெயர்ந்து கிடக்கிறது. ஆனால் நஜிமாவுக்கு அண்ணன் சொல் வேதவாக்கு, சிரித்தால் அழுதுவிடுவாள் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அட்டவணைப்படி நடக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் நம் ஊட்டில் அதிசயங்கள் நடந்தன. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு எனக்கு டீ கொடுத்தாள், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே குடித்து வைத்தேன். பால் சொம்பைக் கழுவுகிறேன் என்று பாலோடு சேர்த்துக் கழுவிக் கொட்டினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டாளாம். இத்தனைக்கும் படிப்பு ஏறியதா என்றால் இல்லை, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, பக்கம் முடிந்ததும் முதல் வரி மறந்துவிட்டது என்று விழிப்பாள். உன் அம்மா போதும் படு என்றால், "அண்ணன் அவ்வளவு தூரத்துல இருந்து எனக்காக எழுதி அனுப்பிருக்கு, நான் தூங்கினா அதுக்கு மரியாதை இல்லைம்மா" என்பாள். அவள் படித்தது உனக்காக, கண்ணு. தனக்காக அவள் அப்போது ஒரு வரியும் படிக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலைத் தொழுகைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்த உன் அம்மா புகை நாற்றம் கண்டு ஓடிப் பார்த்திருக்கிறாள். பின்னல் ஜன்னல் கம்பியில், தலை மார்பில், கை பட்டுச் சிம்னி விளக்கு சாய்ந்து சீமெண்ணெய் புத்தகத்தின் மேல் ஓடி எரிந்துகொண்டிருக்கிறது. எழ முயன்ற பிள்ளையைப் பின்னல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றி, அரிவாளால் பின்னலை அறுத்து அவளை வெளியே இழுத்தாள் உன் அம்மா. நான் வந்து பார்த்தபோது பூகோளப் புத்தகம் சாம்பல், சரித்திரம் பாதி, உள்ளங்கையில் ஒரு கொப்புளம், இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி தோளோடு நின்றது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று உன் அம்மா உன்னைப் பற்றிச் சொன்னதை எழுதினால் காகிதம் தாங்காது, அந்தப் பினாங்குத் துரையை அடுத்த கப்பலில் வரச் சொல்லுங்கள், அவன் முடியையும் நான் அறுக்கிறேன் என்றது மட்டும் எழுதக்கூடியது. உனக்கு அப்போதே தெரிவிக்காததற்குக் காரணம், கடல் கடந்து இருப்பவன் தவித்துப் போவான் என்பதுதான்.

அதன் பிறகு நஜிமா புத்தகத்தைத் தொடவில்லை. "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறலை அத்தா, நான் பரீட்சை எழுதல, விட்டுருங்க" என்றாள். அழவும் இல்லை, கோபமும் இல்லை, கருகிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். திட்டுவதா கொஞ்சுவதா என்று எனக்குப் புரியவில்லை. அப்போது மிளகுக் காலம், நான் மலைக்கு வந்தே ஆகவேண்டும். உன் அம்மாதான், "ஏங்க, எங்களையும் கூட்டிட்டுப் போங்க, இங்க இருந்தா இவ அந்தச் சுவத்தையே பாத்துப் பாத்துக் கருகிப் போயிருவா" என்றாள். மிச்சப் புத்தகங்களை மூட்டையின் அடியில் எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டது உன் அம்மாவின் வேலை.

காளியண்ணன் ஊட்டில் பொழுது சாயும்போது சாமைச்சோறும் அவரைக் குழம்பும் தின்றுவிட்டு எல்லோரும் படுத்துவிடுகிறார்கள். மலைக்குச் சீமெண்ணெய் ஏறி வருவது அபூர்வம், சோறு தின்னும் மட்டும் விளக்கு எரியும், அவ்வளவுதான். முதல் நாள் நஜிமா பழக்கத்தில் விளக்குப் பக்கம் போய் உட்கார்ந்தாள். காளியண்ணன் பெண்சாதி அத்தாயி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, இருக்கிற எண்ணெயை உம்பட பொஸ்தகமே குடிச்சுப்புட்டா நாளைக்குச் சோத்தையும் கொழம்பையும் இருட்டுல தடவித்தான் திங்கோணும், போய்ப் படு கண்ணு" என்று ஊதி அணைத்துவிட்டாள். படுத்தவள் மறுநாள் வெயில் ஏறியும் எழவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. உன் அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அத்தாயியோ, "ஏனுங்க பாய், இந்தப் புள்ள பொறந்ததுல இருந்தே தூங்கலீங்களா?" என்று என்னைக் கேட்டாள். அப்புறம் ஒரு காலையில் பனிமூட்டம் விலகுமுன் யாரும் கூப்பிடாமல் தானே எழுந்து, முகம் கழுவி, முற்றத்தில் வந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு உன் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், புகைக்காக என்று சொல்லிக்கொண்டாள்.

காளியண்ணன் மகள் பாவாயியை உனக்கு நினைவிருக்கும், நீ போகும்போது சின்னப் பிள்ளை, இப்போது நஜிமா உயரம். பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காதவள், வாய் மட்டும் நாலு வாத்தியாருக்குச் சமம். இரண்டு பேரும் மிளகுச் சரத்திலிருந்து மணியை உதிர்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், "எரிஞ்சு போன பொஸ்தகத்துல என்னக்கா இருந்துச்சு?" ஆறு, மலை, நாடு எல்லாம் இருந்தது என்று நஜிமா வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். பாவாயி விடவில்லை, எந்த ஆறு, எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று துளைத்தாள். நஜிமா காவிரியைக் குடகிலிருந்து கொண்டுவந்தாள். மேட்டூர் வந்ததும் பாவாயி மறித்து, "அங்கதான் பெரிய அணை கட்டித் தண்ணியப் புடிச்சு வெச்சிருக்காங்களாமே, அப்புறம் கடலுக்கு எது போகும்?" என்று கேட்க, நம் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் ஓடிவந்தாள், எனக்கு மட்டும் தெரியுமா? மிளகு எங்கே போகும் என்று கேள், சொல்கிறேன் என்றேன். அடுத்த முறை நான் மூட்டைகளோடு கீழே இறங்கியபோது, வாத்தியார் அர்த்தனாரியிடம் கெஞ்சி அவருடைய பூகோளப் புத்தகத்தை வாங்கி, மழைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிய வேகத்தில் என் விரல் பிசகாமல் இருந்தது ஆச்சரியம்.

அன்றிலிருந்து நடந்ததற்கு அட்டவணை யாரும் போடவில்லை. காலையில் தானே எழுவாள், மிளகு காயப்போட வெயில் வருமட்டும் படிப்பாள், பகலில் வேலை செய்துகொண்டே படித்ததைப் பாவாயிக்குச் சொல்வாள், சொல்லும்போது எங்கே தட்டுகிறதோ அந்த இடத்தை மறுநாள் காலையில் திருப்பிப் பார்ப்பாள், இருட்டினால் படுத்துவிடுவாள். கணக்கு என்றால் அவளுக்கு வேப்பங்காய், உனக்குத் தெரியும். அதை முதலில் போட்டுவிடுவாள், ஏன் என்று கேட்டால், "காலையில போட்டு முடிச்சிட்டா அது அந்தப் பக்கம் போயிரும் அத்தா, மிச்சம் வெச்சா நாள் பூரா நாய் மாதிரி பின்னாலயே வருது" என்றாள். எல்லா நாளும் இப்படி என்று நினைக்காதே, சில நாள் சோம்பலில் புத்தகத்தை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு மழை வரும்போல இருக்கிறது என்று சாக்குச் சொல்வாள். அப்படி ஒரு நாள் நான் சத்தம் போட வாய் திறந்தேன், உன் அம்மா கண்ணால் தடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்து, ஒரே ஒரு பக்கம்தான் என்று எங்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு பக்கம் கடைசியில் ஒரு பாடம் முழுவதுமாக ஆகி முடிந்தது. அந்தத் தந்திரத்தை அவள் அடிக்கடி தன்மேலேயே போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ஏமாறுகிறோம் என்று தெரிந்தே ஏமாறுகிறவள் அவள் ஒருத்திதான். பரீட்சைக்குக் கீழே இறங்க வேண்டும் என்று முதலில் பேச்செடுத்ததும் அவள்தான், நாங்கள் அல்ல.

பரீட்சை ராசிபுரத்தில். உன் பெரியம்மா ஊட்டில் தங்கினோம், பரீட்சைக்கு முதல் நாள் நஜிமா சாப்பிட்டுக் கைகழுவிப் படுத்ததைப் பார்த்துப் பெரியம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது, இந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சையா நிக்காஹா என்று கேட்டாள். மறுநாள் கணக்குப் பரீட்சையில் ஒரு சம்பவம். பக்கத்தில் இருந்த அம்சவேணி என்ற ராசிபுரத்துப் பெண், இரவெல்லாம் விழித்துப் படித்தவள், எழுதத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேசைமேல் சாய்ந்துவிட்டாள். நஜிமா பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம், இருக்கவில்லை, காலால் தட்டி எழுப்பியிருக்கிறாள். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் பார்த்துவிட்டார். என்ன ஜாடை காட்டுகிறாய் என்று அதட்டி நஜிமாவின் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார். நஜிமா எழுந்து நின்று சொன்னாளாம், "ஐயா, அவங்க தூங்கிட்டாங்க, அதான் எழுப்புனேன், வேற ஒண்ணும் இல்லீங்க. போன மாசம் நானும் இப்படித்தாங்க தூங்கிப் புத்தகத்தையே எரிச்சுட்டேன்." சொல்லிவிட்டு முக்காட்டை விலக்கி அறுபட்ட முடியையும் காட்டியிருக்கிறாள். அவர் அம்சவேணியின் தாளைப் பார்த்தார், முதல் வரியோடு நின்றிருந்தது, கன்னத்தைப் பார்த்தார், மை ஒட்டியிருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்து, நஜிமாவை வேறு மேசையில் உட்காரவைத்தாராம். போன நேரம் போனதுதான், இரண்டு கணக்குக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் கணக்கில் தப்பிப் பிழைத்துத்தான் தேறினாள், பூகோளத்தில் நல்ல மார்க்கு. அம்சவேணியும் தேறிவிட்டாள். இரண்டு பேருக்கும் சேலத்தில் பெண் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து, விடுதியில் ஒரே அறையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது உன் கண்ணுக்கு வருகிறேன். பினாங்கிலிருந்து வந்த குப்புசாமி போன வாரம் நம் ஊட்டுக்கு வந்தார். கடை சாத்திய பிறகும் நீ இங்கிலீஷ் பரீட்சைக்கென்று விடிய விடிய உட்காருகிறாய், கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது, துணி அளக்கும்போதே நின்றபடி தூங்கினாய் என்று அவர் சொல்லச் சொல்ல உன் அம்மா தட்டிலிருந்த பணியாரத்தை அவருக்குக் கொடுக்க மறந்தே போனாள். உன் கடிதத்தில் சுகம் சுகம் என்று மட்டும் எழுதுகிறாய். படிப்பதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சாமி, படி. முதலாளியிடம் கேட்டுக் காலையில் கடை திறக்குமுன் ஒரு நாழிகை வாங்கிக்கொள், ராத்திரியைத் தூக்கத்துக்கு விட்டுவிடு. ஆத்தூர் வரைக்கும் போன தூக்கம் உனக்கு ஆண்டவன் கொடுத்த வரம், அதைப் பினாங்கில் தொலைத்துவிட்டு வராதே. பரீட்சை தவறினால் இன்னொன்று எழுதலாம், ஊட்டில் ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டோம்.

நாளைக் காலை இங்கிருந்து இறங்குகிறோம், நாளை மறுநாள் நஜிமாவைச் சேலத்தில் கொண்டுபோய் விடவேண்டும். பாவாயியிடம் சொல்லிக்கொள்ளத்தான் அவள் மலைக்கே வந்தாள், இரண்டும் காலையிலிருந்து பலாமரத்தடியில் உட்கார்ந்து பேசித் தீரவில்லை. உன் அம்மா பெட்டியை மூன்றாம் முறையாகப் பிரித்து அடுக்குகிறாள். நீ கப்பல் ஏறிய அன்று அவள்தான் அழுதாள், நான் கல்போல நின்றேன் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டேன். சேலத்து விடுதி வாசலில் அந்தப் பேரைக் காப்பாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் நான் இரண்டு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், சாப்பாட்டுக்கு உட்காரும்போது எங்கள் இருவருக்கு மட்டும் தட்டு வைக்க வேண்டும், அதைத்தான் இன்னும் பழகவில்லை.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தேகமும் ஹலாலான சம்பாத்தியமும் ஆண்டவன் தரட்டும், அம்மாவின் துஆ உன் தலைக்கு மேலே எப்போதும் உண்டு. காளியண்ணனும் அத்தாயியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். தங்கைக்கு மாதம் ஒரு கார்டாவது போடு, முதல் கார்டு அவளுக்குச் சேலத்தில் கிடைக்கும்போது தனிமையாக இருப்பாள், ஏதாவது சிரிக்கும்படி எழுது.

உன் வரவை எண்ணியிருக்கும் அத்தா,
மு. ஜாபர் உசேன்