மாலைக் குளிசை

கொக்குவில்
22.01.2024

அன்பின் அத்தான்,

சுகமாக வந்து சேர்ந்தேன். சொல்லாமல் புறப்பட்டதற்குக் கோபிக்க வேண்டாம். வாய் திறந்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும். தொலைபேசியில் பேசலாம் என்றால், என் குரல் கேட்டதும் அக்கா அலுமாரியைத் திறந்து என்னைத் தேடுகிறார் என்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நான் வந்தபோது அக்கா முன்கதிரையில் இருந்தார். தோய்த்த உடுப்பை மடித்து யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல. கையில் கொடுத்த பொங்கலை வாய்க்குக் கொண்டுபோக மறந்திருந்தார். கரண்டி நடுங்கியது. என்னைப் பார்த்தார். சுவரையும் அதே மாதிரித்தான் பார்த்தார். போன வருடம் என் சேலையைப் பார்த்து, "உந்த நிறம் உனக்குச் சரிவராது" என்று சொன்ன மனுசி.

காலையில் மறதிக்குக் கொடுக்கிற மருந்து வேறு, பின்னேரம் கொடுக்கிற குளிசை அமைதிக்கு என்றீர்கள். வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஒன்று கேட்கிறேன், பிழையாக எடுக்க வேண்டாம். அந்த அமைதி யாருக்கு?

அந்தக் குளிசை தொடங்குமுன் அக்கா ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார் என்றீர்கள். அது நாங்கள் பிறந்து வளர்ந்த எங்கள் வீடு. இந்த வீடு. இங்கே கொண்டுவந்து விடுங்கள். நான் பார்க்கிறேன்.

அன்புடன், கோபத்துடனும்,
சுந்தரி


கண்டி
04.02.2024

அன்பின் மச்சாள்,

எனக்கு. அந்த அமைதி எனக்கு.

நீர் கேட்டதற்குப் பதில் அதுதான். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணியானால் லீலா கைப்பையை எடுப்பாள். குடையை எடுப்பாள். "வீட்டை போகவேணும்." இதுதான் வீடு என்பேன். நீங்கள் ஆர் என்று கேட்பாள். கதவைப் பூட்டினால் கதவை அடிப்பாள். ஒருநாள் என்னையும் அடித்தாள். நான் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பிரேமிளா ஓடிவந்து, "ஐயா, அம்மாவ விட்ருங்க" என்று என்னைப் பிடித்து இழுத்தாள். நான் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் கிளினிக்கில் அந்தக் குளிசையைக் கேட்டு வாங்கினேன். முதல்நாள் கொடுத்துவிட்டு விடியும்வரை நித்திரை கொண்டேன். எழும்பியபோது அந்த நித்திரையை நினைத்து வெட்கமாக இருந்தது. அடுத்த நாளும் கொடுத்தேன்.

உம்முடைய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் கிளினிக் போனேன். டொக்டர் ஒரு இளம்பிள்ளை. லீலாவின் முழங்கையை மடித்து நீட்டிப் பார்த்தார். இறுகியிருக்கிறது என்றார். கொடுத்தால் ஓரிடத்தில் இருப்பார், ஆனால் உடம்பு இறுகும், விழுங்கக் கஷ்டப்படுவார். குறைத்தால் நடப்பார், விழலாம், வெளியே போய்விடலாம். "எந்த ஆபத்தை உங்களாலை பாத்துக்கொள்ள ஏலும், சேர்?"

இன்றிலிருந்து பாதி. நிலைமை மோசமான நாளில் மட்டும் முழுசு.

கொக்குவில் இப்போது வேண்டாம். இங்கே இருட்டிலும் குளியலறைக்கு வழி தெரிகிறது அவளுக்கு.

கோபத்தில் கொஞ்சம் மிச்சம் வையும். தேவைப்படும்.

அத்தான்
ஸ்ரீஸ்கந்தராசா


கொக்குவில்
20.02.2024

அன்பின் அத்தான்,

குறைத்தது பெரிய ஆறுதல். ஒடியல் மாவும் பனம்பழப் பினாட்டும் அனுப்புகிறேன். பினாட்டைச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். அக்காவின் தலையை இழுத்து வார வேண்டாம். நீங்கள் பின்னியதைப் பார்த்தேன், கிணற்றுக் கயிறு தோற்றுவிடும்.

அவருடைய பழைய அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். எப்போது என்றாலும் வரலாம்.

சுந்தரி


கண்டி
07.04.2024

அன்பின் மச்சாள்,

நடுக்கம் குறைந்துவிட்டது. போன கிழமை என் சம்பலில் உப்பில்லை என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு குறை. இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஐந்து மணியும் திரும்பி வந்தது. கைப்பை. குடை. கதவு.

ஒருநாள் கதவைப் பிடித்துக் களைத்துப்போய்த் திறந்துவிட்டேன். விறுவிறு என்று இறங்கி நடந்தாள். நான் பின்னால். தரிப்பில் மடவளை பஸ் வந்து நின்றது. ஏறினாள். நானும் ஏறினேன்.

மடவளைப் பள்ளிக்கூடத்தில் அவள் எவ்வளவு காலம் படிப்பித்தாள் என்று உமக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தும் அவள் இறங்கவில்லை. பஸ் திரும்பி இந்தப் பக்கம் ஓடத் தொடங்கியதும் முகம் மாறியது. வேலை முடிந்து வருகிற முகம். தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு இடம் விட்டாள், அந்நிய ஆளுக்கு விடுவது போல.

"எங்கை இறங்கப்போறீங்கள்?"

சொன்னேன்.

"நானும் அங்கைதான். அவர் வந்து நிப்பார். குடை கொண்டுவரமாட்டார். ரெண்டுபேரும் என்ரை குடைக்குள்ளைதான்."

"கரைச்சலான ஆள் போலை" என்றேன்.

"கரைச்சல்தான்." சிரித்தாள். "ஆனால் நிப்பார்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற கண்டக்டர் ஹபீல் அவளிடம் படித்தவர். இப்போது தாடி நரைத்துவிட்டது. எங்கள் தரிப்பு வந்ததும் என்னை முன்கதவால் முதலில் இறக்கிவிட்டார். பிறகு, "டீச்சர், இறங்குங்க. சேர் நிக்கிறாரு" என்றார். அவள் இறங்கி என்னைப் பார்த்தாள்.

"கனநேரமோ?"

"இல்லை. இப்பதான்."

மழை இல்லை. இருந்தும் குடையை விரித்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வந்திட்டம் என்றாள். பாதிக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போய்வருகிறோம்.

மச்சாள், அவள் கேட்ட வீடு கொக்குவில் அல்ல. இதை எழுதக் கை கூசுகிறது. சந்தோசமாகவும் இருக்கிறது. இரண்டையும் நீர் மன்னிக்க வேண்டும்.

அத்தான்


கொக்குவில்
27.05.2024

அன்பின் அத்தான்,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. வெள்ளை அடித்த அறையின் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். அது சின்னப்புத்தி. விடுங்கள்.

நேற்றுப் பிரேமிளா போன் பண்ணினாள். நீங்கள் பஸ்ஸில் அயர்ந்து போனீர்களாம். ஹபீலும் அன்று வேலைக்கு வரவில்லையாம். அக்கா கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தனியாக இறங்கிவிட்டாராம், கொட்டும் மழையில். நீங்கள் தேடி ஓடி விழுந்து கை முறிந்து மாவுக்கட்டாம். இதில் ஒரு வரி எனக்கு எழுதினீர்களா?

பாலத்துக்குக் கீழே மகாவலி ஓடுகிறது, அத்தான்.

முழுக் குளிசையைக் கொடுங்கள். ஒரு பின்னேரமாவது அவரோடு தனியாக இருந்து பார்க்காமல் ஜனவரியில் அப்படி எழுதினேன். திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கதிரையில் இருக்கட்டும். நடுங்கட்டும். இருந்தால் போதும் எனக்கு.

சுந்தரி


கண்டி
06.06.2024

அன்பின் மச்சாள்,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளும்.

அன்று அவள் பாலத்துக்குப் போகவில்லை. ஒரு இரும்புக்கடைக்குள் போய்க் கதிரை கேட்டு வாங்கி இருந்திருக்கிறாள். கடைக்காரர் தேநீரும் கொடுத்திருக்கிறார். நான் போனபோது, ஏன் இப்படி நனைந்து வந்திருக்கிறீர்கள் என்று என்னைத்தான் ஏசினாள். அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

பயத்தில் நானும் முழுசுதான் கொடுத்தேன், ஒரு கிழமை. கதிரையிலேயே இருந்தாள். ஒரு பின்னேரம் மடவளை பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்று ஹோர்ன் அடித்தது. ஹபீல். அவள் தலையைத் திருப்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. திரும்பவும் பாதி.

இனி உள்ள கதை இது. எனக்கு ஹேர்னியா ஒப்பரேசன். பேராதனை ஆஸ்பத்திரியில் ஜூலை நடுப்பகுதிக்குத் திகதி தந்துவிட்டார்கள், தள்ளிப்போட ஏலாது. சில நாள் அங்கே வைத்திருப்பார்கள். பிரேமிளா பகலில் பார்ப்பாள். ஆனால் பின்னேரம் அவளுக்குச் சமையல், பிள்ளைகள். பஸ்ஸில் கூட்டிப்போக ஏலாது.

நீர் வந்தால் பாதிக் குளிசையும் பஸ்ஸும். வராவிட்டால் முழுசும் கதிரையும். வரவேண்டும் என்று எழுதவில்லை. உமக்கும் முழங்கால் நோவு. வராவிட்டால் நான் கொடுத்துவிட்டுப் போவேன். அதற்காக மட்டும் என்னோடு கோபிக்க வேண்டாம். அவளையும் உம்முடைய கோபத்தையும் சேர்த்துத் தூக்க டொக்டர் விடமாட்டார்.

அத்தான்


கண்டி
17.07.2024

அத்தான்,

பிரேமிளாவிடம் சாப்பாட்டுக் கரியரோடு கொடுத்தனுப்புகிறேன். கத்தரிக்காய்ப் பாற்கறி. உறைப்பு இல்லை. முகம் சுளிக்காமல் சாப்பிடவும். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வார்ட்டில் சொன்னார்களாம். நிம்மதி.

நேற்றுத்தான் முதல்தடவை பஸ்ஸில் போனோம். கைப்பையைத் தூக்கி எனக்கு இடம் விட்டார். எங்கே இறங்குவேன் என்று கேட்டார். யாழ்ப்பாணமோ என்றும் கேட்டார்.

"எனக்கும் அங்கை ஒரு தங்கச்சி. வாய்க்காரி. நிறம் பாத்து ஒரு சீலை கட்டத் தெரியாது."

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தரிப்பில் முதலில் இறங்கி நான் நின்றேன். நான் போதும் என்று நினைத்துவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதைத் தாண்டிப் பார்த்தார். "அவர் வரேல்லை." மழை தொடங்கியது. குடையை விரித்து ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தார். மறுபக்கம் வெறுமை. நான் உள்ளே போகப் பார்த்தேன். அது அவருக்கு என்றார்.

பஸ்கள் வந்தன, போயின. ஹபீல் அடுத்த ஓட்டத்தில் இறங்கி வந்து, சேர் வரச் சுணங்கும் டீச்சர் என்றார். "அப்ப நிக்கிறன்." இருட்டிவிட்டது. பாதிச் சேலை நனைந்து நடுங்கத் தொடங்கினார். கையைப் பிடித்து இழுத்தேன். அடித்தார். நானும் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன், அத்தான். நடுத்தெருவில். ஆட்கள் பார்த்தார்கள்.

முழுக் குளிசை என் பையில் இருந்தது. தலையிடிக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கி விழுங்கினார். கொஞ்சநேரம் போகக் குடை தானாகத் தாழ்ந்தது. பிரேமிளா ஆட்டோ பிடித்து வந்தாள்.

இன்று கதிரையில் இருக்கிறார். கரண்டி நடுங்குகிறது. நான் விடியும்வரை நித்திரை கொண்டேன்.

அந்த அமைதி யாருக்கு என்று கேட்டேனே. நேற்றையது எனக்கு.

இன்று பாதிதான் கொடுப்பேன். ஆனால் நீங்கள் வரும்வரை பஸ் வேண்டாம். பின்னேரம் கதவைத் திறந்து ஒழுங்கையில் மேலும் கீழும் நடக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி உங்களை விடுகிற நாளைச் சொல்லி அனுப்புங்கள். நேரே வீட்டுக்கு வரவேண்டாம். தரிப்பில் இருந்துகொள்ள ஹபீலிடம் ஒரு கதிரை கேட்டிருக்கிறேன். மடவளையால் திரும்புகிற பஸ்ஸில் அக்காவைக் கூட்டிவருகிறேன். பஸ்ஸைக் கண்டதும் மட்டும் எழும்பி நில்லுங்கள்.

குடை கொண்டுவர வேண்டாம்.

சுந்தரி