மகமைப் பணத்தில் அடித்த நோட்டீஸ்

தியாகராய நகர், சென்னை-17
28-3-1971

அன்பு மகன் பொன்ராஜுக்கு அம்மா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே நானும், கடையும், உன் மாமா சிதம்பரநாதன் வீட்டாரும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்த் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளெல்லாம் உன் கையெழுத்தைப் பார்க்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவழியாக உன் கடிதம் வந்தது என்று ஓடிப்போய் வாங்கிப் பிரித்தால், முதல் வரியிலேயே, அம்மா, அய்யாதுரை மாமாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். நீ பதிலுக்காகக் காத்திருப்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்க மாட்டேன். மற்றதைச் சாவகாசமாகப் படி.

உன் மாமா சிதம்பரநாதன் நடந்ததில் பாதியைத்தான் உனக்கு எழுதியிருக்கிறான். அதுவும் அவன் பயத்துக்கு ஏற்ற பாதியை. அக்கா தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட்டுவிட்டாள், சங்கத்தில் எதிர்த்துப் பேசிவிட்டாள், சங்கத் தலைவர் அய்யாதுரை அண்ணாச்சி கோபத்தில் தன் மகளை உனக்குக் கொடுக்கும் பேச்சை நிறுத்திவிட்டார், இவ்வளவுதானே எழுதினான்? ஏன் பேசினாள் என்று எழுதினானா? நான் எழுதுகிறேன். நீ வெள்ளைக்காரன் ஊரில் ரொட்டி தின்று மகமை என்றால் என்ன என்பதையே மறந்திருப்பாய், அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் சங்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் விற்கிற ஒவ்வொரு பில்லுக்கும் இவ்வளவு என்று எடுத்து வைத்துச் சங்கத்துக்குக் கொடுக்கிறோமே, அதுதான் மகமை. பெரிய கடை பெரிய மகமை, சின்னக் கடை சின்ன மகமை. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் கட்டினோம், நீ படித்ததும் அதில்தான். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் கூட, ஊரான் பிள்ளை படிக்க நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டதில்லை. உன் அப்பா போன பிறகு இந்தப் பாத்திரக் கடையை நான் எடுத்து நடத்தத் தொடங்கிய முதல் மாதத்திலிருந்து நானும் ஒரு பைசா குறையாமல் கொடுத்து வருகிறேன். ஆனால் சங்கக் கூட்டத்தில் பொம்பளைக்கு ஓட்டுக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரலாம். மகமை வாங்கும்போது நான் வியாபாரி, முடிவு எடுக்கும்போது நான் பொம்பளை. அதையும் இத்தனை காலம் பொறுத்துத்தான் போனேன்.

இந்தத் தேர்தலில் ஒரு பக்கத்தார் பெரிய பணக்காரர்களுக்கு வரியை ஏற்றுவோம், பட்டணத்தில் அவர்கள் சொத்துக்கும் ஒரு வரம்பு கட்டுவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். ஆரம்பத்தில் நானும் பயந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. நம் ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த வரி உங்கள் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவே இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் அம்மா என்றார். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நம் சங்கத்திலேயே அந்த வரிக்குள் வருகிறவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதில் முதல் விரல் அண்ணாச்சி. ஜவுளிக்கடை, நகைக்கடை, அடையாற்றில் பங்களா, எல்லாம் அவர் உழைத்துச் சேர்த்ததுதான், நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தூக்கம் போனதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் தூக்கம் போனதற்காக ஊரையே எழுப்பினார் பார், அங்கேதான் வந்தது வினை.

சங்கத்தின் பேரில் நோட்டீஸ் அடித்தார்கள். இன்று எங்கள் கடை, நாளை உங்கள் கூடை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இன்றைக்கு முதலாளிக்கு வரி போடுகிறவன் நாளைக்குக் கீரைக்காரிக்கும் மீன்காரிக்கும் போடுவான், ஆகையால் விழித்துக்கொள்ளுங்கள் என்று விஷயம். கடைச் சிப்பந்திகளுக்கு, ரிக்‌ஷாக்காரர்களுக்கு, மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எல்லாம் கை வலிக்க வலிக்கக் கொடுத்தார்கள். மயிலாப்பூரிலிருந்து நம் கடைக்கு எவர்சில்வர் வாங்க வரும் வக்கீல் வீட்டு மாமி அதை வாங்கிப் படித்துவிட்டு, எங்காத்துலயும் இதே புலம்பல்தான், மூணு வேளையும் வரி வரின்னு சொல்லிண்டே நன்னா சாப்பிடறார் என்று சொல்லிச் சிரித்தார். நமக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அங்காளம்மாளைத் தெரியுமே, ஊரூர்க் குப்பத்தவள், உனக்கு வஞ்சிரம் துண்டு கூடப் போடுவாளே, அவளும் அந்த நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என்னிடம் படிக்கச் சொன்னாள். படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை, யோசித்தாள். பிறகு சொன்னாள், இன்னாம்மா இது, அந்தக் கச்சிக்காரங்கோ பணக்காரன் மேல வரி போடுவோம்னு சொல்லசொல்ல நான் நம்பவே இல்ல, எலீசன் டைம்ல ஆயிரம் சொல்லுவாங்கோ, ஆனா இவ்ளோ பெரிய மன்சன் இப்டி பயந்துக்கினு நோட்டீஸ் அடிக்கிறார்னா, அவனுங்கோ நெசமாவே செய்வானுங்க போலக் கீதே என்று. என் கூடைக்கு வரி போடற அளவுக்கு துட்டு வரட்டும்மா, நானே கொண்டாந்து கட்டறேன் என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ கேட்டிருந்தாய் அல்லவா, அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள், இந்தியாவில் ஏழைகள் பொறாமையால்தான் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்களாமே என்று பேசிக்கொள்கிறார்கள் என்று. பொறாமை இல்லை அப்பா. கட்சிக்காரன் மேடையில் கத்தியபோது நம்பாதவர்கள் அண்ணாச்சி அலறியபோது நம்பினார்கள். நான் பார்த்தவரையில் விஷயம் அவ்வளவுதான். அதற்காக எல்லாருமே வரியைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்றும் நினைக்காதே. அங்காளம்மாள் வீட்டுக்காரர் பக்கிரி, போன தடவை மழையில் கட்டுமரம் போனபோது எந்தப் பக்கத்து ஆள் வந்து விசாரித்தானோ அந்தப் பக்கத்துக்குத்தான் போட்டாராம். ஒரே குடிசையில் இரண்டு ஓட்டு இரண்டு பக்கம். அதற்காக அவர்கள் அடுப்பு எரியாமல் போகவில்லை.

நான் யாருக்குப் போட்டேன் என்று நேராகவே சொல்கிறேன். வரி போடுவோம் என்றவர்களுக்குத்தான் போட்டேன். அந்தப் பணமெல்லாம் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிற அளவுக்கு நான் பச்சைப் பிள்ளை இல்லை. பாதி வழியிலேயே கரையும், தெரியும். ஆனால் வரிசையில் நிற்கும்போது ஒன்று மனதைக் குடைந்தது. உள்ளவன் கூடக் கொடுக்க வேண்டும் என்று நாமே விதி வைத்துக்கொண்டு, அதில் பள்ளிக்கூடம் கட்டி, வாசலில் கல்வெட்டும் வைத்துப் பெருமைப்படுகிறோமே, அதையே சர்க்கார் சொன்னால் மட்டும் கொள்ளை என்று ஏன் கத்துகிறோம்? இதற்குப் பதில் கிடைப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. குத்திவிட்டு வந்தேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

தேர்தல் முடிந்து அண்ணாச்சி சொன்ன பக்கம் தோற்ற பிறகு சங்கக் கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சி எழுந்து நோட்டீஸ் செலவை மகமையில் போட்டிருக்கிறோம் என்றார். உனக்குத் தெரியும், தலைவர் செலவைச் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து சம்மதம் என்று சொல்வதுதான் வழக்கம். தூங்குகிறவனும் சொல்வான், அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருப்பவனும் சொல்வான். அன்றைக்கும் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் எழுந்து நின்று சம்மதமில்லை என்றேன். பொன்ராஜ், அந்த மண்டபத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கணக்குப்பிள்ளை பேனாவைப் பிடித்தபடி அண்ணாச்சி முகத்தையே பார்க்கிறார். உன் மாமா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறான். நான் உட்காரவில்லை. மகமை பிள்ளைகள் படிக்கக் கொடுத்த பணம், உங்களுக்கு வரி கூடுவதைத் தடுக்க வேண்டுமானால் உங்கள் கைக்காசில் நோட்டீஸ் அடியுங்கள், சின்னக் கடைக்காரன் கொடுத்ததில் அடிக்காதீர்கள் என்றேன். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கச்சி, நீ யாருக்கு ஓட்டுப் போட்டே, அதச் சொல்லு மொதல்ல என்றார். கேட்டது தப்பு. கேட்டபின் மறைப்பது எனக்கு வழக்கமில்லை. சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு வந்த சேதி. நான் கூட்டத்தின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறவரை என் மகமையை வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். மகமை வாங்காவிட்டால் காசு மிச்சம்தானே என்று அங்கே உன் நண்பர்கள் கேட்பார்கள். நமக்கல்லவா தெரியும், வாங்கவில்லை என்றால் நீ எங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்குச் சொல்ல மாட்டார்கள். சித்திரையில் வைத்திருந்த உன் நிச்சயதார்த்தத்தையும் அண்ணாச்சி நிறுத்திவிட்டார். உன் மாமா நாள் தவறாமல் வந்து அழாத குறையாகக் கெஞ்சுகிறான். நான் கடையில் ஒரு புது பித்தளைக் குடத்தை எடுத்துக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டேன். வழக்கம்போல ஒவ்வொரு பில்லுக்கும் மகமையை அதில் போடுகிறேன். வாங்க ஆள் வந்தால் கொடுப்பேன். வராவிட்டால் குடம் நிறைந்ததும் நானே தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் வைப்பேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

எனக்கு வருத்தமே இல்லை என்று நினைக்காதே. உனக்குப் பார்த்த பெண், தங்கமான பெண், உனக்கும் மனதுக்குப் பிடித்த பெண். அது என் வாயால் கைநழுவிப் போனதே என்று நான் அடுக்களையில் நின்று அழுதேன். அந்த அழுகையில் ஒருநாள் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உனக்காக எதையும் செய்வேன் என்பது உனக்கே தெரியும். அந்தச் சமயத்தில்தான் உன் கடிதமும் வந்தது. அதற்கு மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, அன்னக்கனியே வந்து நின்றாள். ஆமாம், அண்ணாச்சி மகள்தான். இட்லிக் கொப்பரை வேண்டும் என்றாள். ஒன்றை எடுத்துக் காட்டினேன், அதைப் பார்க்கக்கூட இல்லை. அத்தை, மன்னிப்புன்னு மட்டும் போய் நின்னுராதீய என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த நோட்டீச எழுதுனதே நான்தான் அத்தை, எங்கய்யா சொல்லச் சொல்ல எழுதுனேன், எழுதி முடிச்சுப் படிச்சுப் பாத்தா எனக்கே நம்பிக்கை வரல, எங்கய்யா கார்லயே போய் எறங்கி, எங்கய்யா சொல்லாத சின்னத்துல குத்திட்டு வந்தேன், நீங்க சொல்லிட்டீய, நான் இன்னும் சொல்லல, நீங்க போய் மன்னிப்புக் கேட்டுட்டா அப்புறம் நான் எந்த வீட்டுல போய்ச் சொல்லுவேன் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது வாசல்படியில் திரும்பி நின்று, ஒங்க மகன் என்ன எழுதியிருக்காக என்று கேட்டாள். உன் கடிதம் கல்லாப் பெட்டிக்குள் கிடந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத நான் அவள் முகத்தைப் பார்த்து, நீ செய்ததுதான் சரி அம்மா, உன் பக்கம்தான் நான் என்று எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். கொப்பரையை வாங்காமலே போய்விட்டாள்.

எங்கே இருந்தாலும் நல்ல பேரோடு, நீண்ட ஆயுளோடு நீ இருக்க வேண்டும். குளிருக்குக் கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள். வெறும் ரொட்டியில் வயிற்றை நிரப்பாதே. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் இனிமேல் அதைக் கேட்காதே. இதைப் படித்து முடித்த கையோடு அய்யாதுரை மாமா பேருக்கே நேராக ஒரு கடிதம் எழுது. மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாக எழுது. நான் அவளிடம் சொன்னது பொய்யாகவே இருப்பதும் மெய்யாவதும் உன் கையில்தான் இருக்கிறது.

உன் அன்பு அம்மா
சி. தங்கபுஷ்பம்