மூன்றாகப் பிரிக்கவும்

18.11.2008, செவ்வாய்

என் மடிக்கணினியில் விண்டோஸோடு இரண்டு லினக்ஸும் போட ஆசைப்பட்டேன். இன்ஸ்டால் டிஸ்க் ஓடவில்லை. கண்டி டவுனில் நவாஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோகக் கிளம்பியபோது அறைத்தோழன் மோகன் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

"இந்தச் சண்ட நேரத்துல யாழ்ப்பாண ஐடி கார்ட வச்சிக்கிட்டு நீங்க அலைய வேணாம். நான் போறேன்."

செய்ய வேண்டியதை நானாவுக்கு ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்துக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷன் என்று எழுதியிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்ப்பற்று பொங்கியது. "முதலில் மூன்றாகப் பிரிக்கவும். நடுத்துண்டை முற்றாக அழிக்கவும். ஒன்று விழுந்தாலும் மற்றது எழும்ப வேண்டும்."

கடைக்கு எதிரில் இருந்த சோதனைச்சாவடியில் பையைத் திறந்திருக்கிறார்கள். நானாதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"பேப்பர ஒத்தன் சிங்களத்துல வாசிச்சுச் சொன்னான் தம்பி. யார்ட எழுத்துண்டு கேட்டாங்க. தன்டதாம் எண்டு சொல்லிட்டான் மோகன். ஜீப்புல ஏத்திட்டாங்க."

உடனே பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். வாசல் வந்ததும் கால் நிற்கவில்லை. அப்படியே தாண்டிப் போய் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கும் வாங்கியிருக்கிறேன். மேசையில் அப்படியே கிடக்கிறது.

விடிந்ததும் போய் அது என் எழுத்து என்று சொல்ல வேண்டும். சொல்வேனா?

அதற்குள் அவனிடம் பேனையைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்லியிருப்பார்கள். மோகன் நாவலப்பிட்டியில் படித்தது சிங்கள மொழிமூலம். அவனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவனால் வாசிக்கக்கூட முடியாது.