வேனின் கடைசி வரிசை

அன்பு அக்கா,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கும் வேண்டாம். அவர் தங்கமானவர்தான், ஆனால் அவர் வாயில் ரகசியம் தங்காது, போனில் அண்ணனிடம் உளறிவிடுவார். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், அங்கே நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்ற சேதி வந்தால்தான் சாப்பாடு இறங்கும் என்று அப்பா சொல்லுவார், நான் எழுதுவேன், இத்தனை நாளும் உனக்கு வந்த கடிதமெல்லாம் அப்படி வந்ததுதானே. தன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று கூச்சப்பட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதி, முடிந்ததும் காகிதத்தை நீட்டுவேன், அவர் அடியில் 'அப்பா' என்று மட்டும் போடுவார். இந்தக் கடிதத்தை அப்பா சொல்லவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அம்மாவின் தையல் மெஷினில் இருக்கிற குட்டி விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னைச் சுற்றிலும் புது சீட் கவர்கள் கிடக்கின்றன, பழைய திரைச்சீலையை வெட்டி அம்மா தைத்தவை, நீலத்தில் மஞ்சள் பூ. அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணிக்கு இரட்டைக் குழந்தை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேன் பேச்சுதான். நம் பழைய காரில் இப்போதே அண்ணியின் வயிற்றுக்குத் தனியாக ஒரு டிக்கெட் வாங்க வேண்டும் என்று அம்மா சிரிக்கிறாள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும்போது அண்ணி காரிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், அண்ணன் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் இழுத்தார்கள், வாலு கீழே நின்று கைதட்டினான். (உன் மருமகனுக்கு இப்போது நாலு வயது, பள்ளியிலும் அவனை வாலு என்றே கூப்பிடுகிறார்கள்.) அன்று ராத்திரியே அப்பா தீர்மானம் போட்டுவிட்டார், எட்டுப் பேர் உட்காரும் வேன், பக்கக் கதவு தள்ளித் திறப்பதாக இருக்க வேண்டும், படி தாழ்வாக இருக்க வேண்டும், பழசானாலும் நம்பிக்கையான வண்டியாக இருக்க வேண்டும் என்று. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர் வண்டி பார்க்கிற அழகை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. ஓடுகிற இன்ஜின்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்து அது எப்படி நடுங்குகிறது என்று பார்ப்பார். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து டாக்டர் மாதிரி கேட்பார். டயரைத் தடவுவார். புதுப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் கிட்டவே போக மாட்டார், முகத்துக்கு அதிகமாகப் பவுடர் போட்டவன் ராத்திரி தூங்காதவன் என்பார். இதெல்லாம் தேறினால் கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. அது நான்.

என் வயிறு உனக்குத் தெரியுமே. சின்ன வயதில் உன் கல்யாணப் புடவையையே நாசம் பண்ணினவள் நான். ஆகவே அப்பா எந்த வண்டியையும் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், எனக்கு வாந்தி வராவிட்டால் அந்த வண்டியின் ஸ்பிரிங்கும் சக்கரமும் ஒழுங்கு என்று அர்த்தம். முதல் வேனில் பாலம் தாண்டுவதற்குள் எடுத்துவிட்டேன். இரண்டாவதில் ரோஜா வாசனை டப்பா ஒன்று தொங்கியது, அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வண்டிக்காரர் இறங்கி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், பாவம், அவர் ஷூவிலேயே எடுத்தேன். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து, "உன் வயிறு என்ன வண்டிக்கு லைசென்ஸ் குடுக்கிற ஆபீசாடி? பிள்ளைங்க பொறந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் வண்டி வாங்கின மாதிரிதான்" என்று கத்தினான். அண்ணி மட்டும், "பரவாயில்ல விடுங்க, அவ என்ன வேணும்னேவா செய்யறா?" என்று சொல்லிவிட்டு வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டார். அண்ணன் கத்தியதுகூட எனக்கு உறைக்கவில்லை, அந்தக் காலைப் பார்த்ததுதான் என்னவோ செய்தது. அடுத்த வண்டியில் உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று அப்போதே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அடுத்த வண்டி விசில் மாமா கொண்டுவந்தது. அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாரே, அவர்தான், இப்போது பழைய வண்டி வாங்கி விற்கிறார், இன்னும் பேச்சுக்கு நடுவே விசில் அடிக்கிறார். சாம்பல் நிற வேன், தம்ளர் தண்ணீர் அசையவில்லை, டயர் நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது, அண்ணி யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து முதல் தடவையாகச் சிரித்தார். அப்பா ஓட்டினார், விசில் மாமா முன் சீட்டில் முதலாளி மாதிரி உட்கார்ந்தார், நடுவில் அம்மாவும் அண்ணியும் அண்ணனும், கடைசி வரிசையில் நானும் வாலுவும். எல்லாக் கண்ணாடியும் மூடி ஏசி போட்டார்கள். வாந்தி வரவில்லை அக்கா. அதுதான் பிரச்சினையே. கழுத்துக்குப் பின்னால், பின் கதவுப் பக்கம், வெதுவெதுவென்று காற்று பட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையில் வருமே ஒரு புகை வாசனை, அந்த வாசனை லேசாக வந்தது. கொஞ்ச நேரத்தில் தலையை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குவது போல இருந்தது, கண் செருகியது. வாலு என் மடியில் தூங்கிப்போனான். பகலில் அவன் தூங்கி யாராவது பார்த்திருக்கிறோமா? திரும்பிப் பார்த்த அம்மா, வண்டி தாலாட்டுகிறது பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இறங்கினதும் எனக்குக் கால் துவண்டது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன பொடிசு, வாந்தி வந்துச்சா?" என்று அப்பா கேட்டார். இல்லைப்பா, நல்லா இருக்கு என்று சொன்னேன். விசில் மாமா நீளமாக ஒரு விசில் அடித்தார், அப்பா அங்கேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

எனக்கே சந்தேகம்தான், பயத்தில் வந்த தலைவலியோ என்று நினைத்தேன். அதனால் சீட்டுக்கு அளவெடுக்க மறுபடி போனபோது, என் வெள்ளைக் கைக்குட்டையை மடித்துப் பின் கதவின் இடுக்கில் செருகி வைத்தேன், கதவைச் சுற்றி ஒட்டியிருக்கிற ரப்பர் அங்கே வாய் பிளந்து கிடக்கிறது. ஊரைச் சுற்றி வந்து எடுத்துப் பார்த்தால் அந்த மடிப்பு மட்டும் மை தடவியது போலக் கறுப்பு. கைக்குட்டை இப்போது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அன்றைக்கும் தலை வலித்தது, அன்றைக்கும் வாலு தூங்கினான். அண்ணன் அளந்து பார்த்துவிட்டான் அக்கா, இரண்டு பாப்பாக்களின் சீட்டையும் அந்தக் கடைசி வரிசையில்தான் பூட்டப் போகிறான். அவர்களுக்குத் தலை வலித்தால் எப்படிச் சொல்லுவார்கள்? தூங்கினால் நல்ல பிள்ளைகள் என்றுதானே நினைப்போம்?

சொன்னால் பொல்லாப்பு, சொல்லாவிட்டால் பாவம். இப்போது போய் நான் வாயைத் திறந்தால் நாலாவது வண்டியையும் நானே கெடுத்தேன் என்று ஆகும், விசில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் என்ன ஆகுமோ தெரியாது, அண்ணியின் முகத்தை என்னால் பார்க்கவே முடியாது. வண்டி அடுத்த மாதம் முதல் வாரத்தில்தான் வீட்டுக்கு வருகிறது, அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், நீ ஒன்று சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா, அப்போது நீயாகச் சொல்வது போல, அப்பா, வண்டி எடுக்கும் முன்னால் கடைசி வரிசையில் நீங்கள் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடு. என் பேச்சே எடுக்காதே. எனக்காக இந்த ஒன்று செய்தால் ஆயுசுக்கும் உன் பேச்சைத் தட்ட மாட்டேன். யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. வாலு தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான். இல்லை, கதவைத் தட்டுகி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கோழி கிளறியிருக்கிறதே என்று பார்க்கிறாயா, இது என் கையெழுத்துதான் அம்மாடி, பொறுத்துப் படி. கதவைத் தட்டியது நான். விளக்கு தெரிந்தது, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்துப் பால் சூடாக்கிக் கொண்டுபோனேன். உன் தங்கை பதறி எழுந்தவள், காகிதத்தை ஒளிப்பதற்குப் பதில் பழக்க தோஷத்தில் கையெழுத்துக்கு நீட்டுவது போல என் கையிலேயே நீட்டிவிட்டாள். பிறகு அழுதாள். பால் ஆறும்வரை அழுதாள், பிறகு ஆறின பாலைக் குடித்தாள். கைக்குட்டையைக் கேட்டேன், கொடுத்தாள். அந்தக் கறுப்பு என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தைச் சில நாள் அலமாரியில் வைத்திருந்தேன், முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று. மறுநாளே விசிலின் கடைக்குப் போய், உன் அண்ணனை ஓட்டச் சொல்லி, நான் கடைசி வரிசையில் ஏறினேன். என்னப்பா பின்னாடி போறீங்க என்று கேட்டான். "இத்தன வருஷம் முன்னாடி உக்காந்தது போதும்டா, நீ ஓட்டு" என்றேன். விசிலையும் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்தப் புகை வாசனை எனக்குத் தெரியவே இல்லை, அதிலேயே கிடந்த மூக்கு இது. ஆனால் சந்தை தாண்டுவதற்குள் நெற்றிப்பொட்டு இடித்தது. விசில், பஸ்ஸில் பின் படிக்கட்டிலேயே காலம் தள்ளியவன், கழுத்தைத் தடவிக்கொண்டு, "அண்ணே, இங்க சூடா காத்து அடிக்குதுண்ணே. நான் ஒரு நாள்கூட பின்னால உக்காந்து பாக்கலண்ணே" என்று சொல்லிக் கண்ணாடியை எல்லாம் இறக்கினான். அவனுக்கும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. கீழே புகைக்குழாயில் விரிசல், கதவு ரப்பர் கிழிசல், அந்த வழியாகத்தான் விஷப் புகை உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டையும் தன் செலவிலேயே புதிதாக மாற்றிவிட்டான். நேற்று மறுபடி நான் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் மூடி, அதே இடுக்கில் புதுக் கைக்குட்டை செருகி, பக்கத்து ஊர் வரை போய் வந்தேன். வெள்ளையாகவே வந்தது, தலையும் தெளிவாக இருந்தது. இன்னும் இரண்டு தடவை அப்படிப் போவேன், அப்புறம்தான் வண்டி வாசலுக்கு வரும். வாலுவையும் பொடிசையும் டாக்டரிடம் காட்டினேன், ஒரு குறையும் இல்லை, நீ கவலைப்படாதே. அம்மா கவர்களுக்கு நாடா வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒன்றுதான் மனசில் நிற்கிறது. நாங்கள் அந்தப் பெண்ணிடம் வாந்தி வந்ததா என்று கேட்டோம், உனக்கு எப்படியம்மா இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் பெரிய வண்டி பார்க்கிறார் என்றாயே, டயரும் எண்ணெயும் அவர் பார்க்கட்டும், ஆனால் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து நீ ஓட்டு. இறங்கினதும் அவர் முகத்தைப் பார்.

தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறாள். நான் ஸ்பிரிங் பார்க்கப் பின்னால் உட்கார்ந்ததாகத்தான் உன் அண்ணன் நம்புகிறான், விசிலிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த வரிசையில் இனி ஒவ்வொரு பயணத்திலும் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்று ஒரு விதி போட ஆசை, அதை நானே சொன்னால், அதுதான் சரி பண்ணியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று துருவுவார்கள், அவள் பெயர் வந்துவிடும். ஆகவே மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, அவள் கேட்டபடி நீயாகச் சொல்வது போல அந்த விதியைச் சொல். அப்போதுதான் தோன்றியது போல நான் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை பக்கத்தில்தான் நிற்பாள், சிரிக்காமல் இருக்க வேண்டியது அவள் பாடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் ஒரு நோய்நொடி அண்டாமல், போகிற வழியெல்லாம் நல்ல வழியாக அமைய என் ஆசி. இதை யாருக்கும் காட்டாதே.

எழுதியதும் கையெழுத்திட்டதும்,
அப்பா