நீல வண்டிக்குக் குளிர்கால ஆயில்

செம்மண்டலம், கடலூர்
9.10.2025

அன்புள்ள வினோதினிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். பேச்சில் எனக்கு வரிசை தப்பிவிடும்; பக்கத்தில் உன் அத்தை நின்றால் இன்னும் தப்பும். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

புது வேலை வின்னிபெக்கிலிருந்து தள்ளி, பஸ் போகாத ஊரில் என்றாய். லைசென்ஸ் இருந்தாலும், ஜனவரிக்குள் ஸ்ரீதரின் நீல வண்டியை ஓட்டப் பழகாவிட்டால் அந்த வேலை இல்லை, பிறகு சிதம்பரத்தில் உன் அப்பா சொல்கிறபடி ஊர் திரும்ப வேண்டியதுதான் என்றாய். மார்ச்சில் என் பிள்ளை போனதிலிருந்து வண்டிக் கதவைக்கூடத் திறக்கவில்லை என்றும் சொன்னாய். கதவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆயிலைப் பற்றிச் சொல்கிறேன்.

டப்பாவில் 0W-20, 5W-30 என்று போட்டிருக்கும். W-க்கு முன்னால் உள்ள எண்தான் குளிருக்கானது. அது குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் இறுகாமல் ஓடும். உன் ஊருக்கு 0W-20, முழு சிந்தெடிக். பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் என்று உருண்டையாக ஒரு பெட்டி உண்டு. அதற்குத் தனி கியர் ஆயில். அதில் 75W என்று தொடங்குவதாகக் கேள். 80W என்றால் குளிரில் களியாகிவிடும், வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். கியர்பாக்ஸுக்கு மேனுவலில் சொன்னதைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதே.

பாலிடெக்னிக்கில் இதையெல்லாம் பாடமாக நடத்தியவன்தான். ஆனால் மார்கழி விடியலைத் தாண்டிய குளிர் எதையும் நான் பார்த்ததில்லை. எனக்கே சந்தேகம் வந்து, சிதம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ராஜவேலிடம் போய் இரண்டு வகை ஆயில் வாங்கினேன். “என்ன சார், கடலூர்ல பனி கொட்டப்போவுதா?” என்று சிரித்தான். இரண்டையும் பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் கவிழ்த்தபோது 0W-வில் குண்டு சட்டென்று இறங்கியது. 20W-வில் யோசித்து யோசித்து இறங்கியது. மீன் வைக்க இடமில்லை, இவர் ஆயிலை வைத்து அழகு பார்க்கிறார் என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவளுக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. அஸ்தி கரைக்க வந்தபோது நீ விட்டுப்போன ஸ்ரீதரின் போனுக்கு நாள் தவறாமல் சார்ஜ் போடுகிறாள். போட்டோ பார்க்கிறாள் போலிருக்கிறது. எனக்கு அதைத் தொடக் கை வருவதில்லை.

ஆயில் மாற்றும் முன் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் அளவையும், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் பார்த்து எழுது.

மாமா
மணவாளன்


வின்னிபெக்
9.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் கோபம் தீர்ந்ததா? ஃப்ரீசர் கதையைப் படித்து ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் வண்டியைத் திறந்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. மூடியின் உள்ளே மோர் நிறத்தில் நுரை. யாரும் தொடாத வண்டியில் ஆயில் எப்படி ஏறும்?

அன்றைக்கே கீழ்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு ஸ்ரீதர் போனது தெரியாது. “உன் வீட்டுக்காரர் தினமும் காலையில் வண்டியைச் சூடாக்குகிறாரே, அப்புறம் ஏன் எடுப்பதில்லை?” என்று கேட்டார். கோடையிலிருந்தே எட்டு மணிக்கு ஓடுமாம், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுமாம். போன வாரத்திலிருந்து ஏழு மணிக்கே ஓடுகிறதாம். நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன், லீவு நாளில் எட்டு தாண்டித்தான் எழுந்திருப்பேன்; எனக்குத் தெரியவே இல்லை.

நேற்று லீவு போட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. புகை வந்தது. உள்ளே யாருமில்லை.

எனக்குப் பயமாக இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நான் ஏறுவதற்கு முன் சீட் சூடாக இருக்க வேண்டும் என்று அவர் பார்ப்பார், உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது பைத்தியக்காரத்தனமாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
வினோதினி


செம்மண்டலம்
19.11.2025

அன்புள்ள வினோதினிக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லை. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். தெரிந்த பிறகும் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாள் கிழித்தேன்.

முதலில் ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலன்ட், ஒழுகி ஆயிலில் கலந்ததோ என்று நினைத்தேன். கூலன்ட் குறையவில்லை என்று நீ போனில் சொன்னாய். ஆகவே ஏறியிருப்பது ஆயில் அல்ல. எரியாத பெட்ரோலும் ஈரமும். குளிர்ந்த இன்ஜின் கொஞ்சநேரம் ஓடி, சூடேறும் முன்பே நின்றுவிட்டால் அவை ஆயிலில் தங்கிவிடும். வண்டி நகராமலே இன்ஜின் தினமும் ஓடுகிறது. பெரியவர் சொன்னது சரி.

வண்டியிலேயே டைமர் இருக்குமோ என்று அடுத்து நினைத்தேன். ஆனால் நவம்பரில் உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். டைமர் என்றால் உங்கள் கடிகாரப்படி எட்டு மணிக்கேதான் ஓடும். வண்டி ஏழுக்கு மாறியிருக்கிறது. அப்படியானால் அதை ஓட்டுகிறவர் கடிகாரம் மாறாத ஊரில் இருக்கிறார். கணக்குப் போட்டேன். இங்கே மாலை ஆறரை. உன் அத்தை விளக்கேற்றும் நேரம்.

அன்று மாலை கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்தேன். விளக்கேற்றினாள். ஸ்ரீதர் படத்துக்கு முன்னால் இருந்த போனை எடுத்தாள், ஓரிடத்தில் ஒரே ஒரு அழுத்து. காத்திருந்தாள். போன் அதிர்ந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கேட்டேன். போன தடவை வந்தபோது, “இங்க அழுத்தினா அங்க வண்டி ஸ்டார்ட் ஆவும்மா” என்று அவன் காட்டினானாம். வண்டி ஸ்டார்ட் ஆனால் போன் அதிர்ந்து சொல்லும்; ஆனால் வண்டி ஓடுவதை அவள் நினைக்கவே இல்லை. அதிர்வு மட்டும்தான் அவளுக்கு. “அழுத்துனா பதில் சொல்றான். நீங்க கேட்டு என்ன சொல்லப்போறீங்க” என்றாள்.

பேப்பரை மடித்துவிட்டு எழுந்தேன்.

ஆக, நீ ஜன்னலில் பார்த்தது அவன் இல்லை. அவள் கன்னத்தில் வைத்துக்கொள்வதும் அவன் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவன் நான் ஒருவன். இதை உனக்குச் சொன்னதால் உன்னிடமிருந்து எதையோ பறித்துவிட்டேனோ என்று உறுத்துகிறது. ஆனால் சொல்லாவிட்டால் அந்த ஆயில் கடுங்குளிரில் இன்ஜினைக் கெடுத்துவிடும்.

நிறுத்தச் சொல்வதா? நீ சொன்னால் போனை வாங்கி வைத்துவிடுகிறேன். வாங்க முடியுமா என்று தெரியவில்லை.

மாமா
மணவாளன்


வின்னிபெக்
7.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் அந்த ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. உங்கள் மேல் கோபம். அத்தை மேல் இன்னும் ஜாஸ்தி. என்ன கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. நான்தான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள்.

பிறகு ஒர்க்ஷாப்புக்கு ஆள் வரவழைத்து வண்டியைக் கொண்டுபோனேன். 0W-20 மாற்றியாயிற்று. டிஃபரென்ஷியலில் 75W-90. கியர்பாக்ஸில் மேனுவல்படி. வடித்த ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. அந்த ஆயில் ஸ்ரீதர் கடைசியாக ஊற்றியது. கேனில் வாங்கிக்கொள்கிறாயா என்று மெக்கானிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனிமேல் ஸ்டார்ட் ஆனதும் அரை மணி ஓட்டினால் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிவிடும் இல்லையா? அப்படியென்றால் நிறுத்தச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும் என்றும் அத்தையிடம் சொல்லாதீர்கள்.

இன்று ஏழுக்கு முன்னாலேயே போய் உள்ளே உட்கார்ந்தேன். சாவியைத் தொடவில்லை. மைனஸ் இருபத்தாறு. மூச்சு கண்ணாடியில் உறைந்தது. பக்கத்து சீட்டில்தான் முதலில் உட்கார்ந்தேன், பழக்கம். அப்புறம் இந்தப் பக்கம் மாறினேன். மாறி முடிப்பதற்குள் இன்ஜினுக்கு உயிர் வந்தது. என் கை மடியில் இருந்தது. யார் என்று எனக்குத் தெரியும் மாமா. தெரிந்தும், “போலாமா” என்று கேட்டேன்.

அரை மணி ஓட்டினேன். யாரும் பின்னாலிருந்து இழுக்கவில்லை. வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

வினோதினி


செம்மண்டலம்
4.1.2026

அன்புள்ள வினோதினிக்கு,

நீ ஓட்டுவது கேட்டு நிம்மதி. நேற்று சிதம்பரத்தில் ஆருத்ரா கூட்டம்; டாக்டரைப் பார்க்கப் போன ஆட்டோ நகரவே இல்லை. அத்தைக்கு மூச்சு வாங்குகிறது. இருதயம் கொஞ்சம் களைத்திருக்கிறதாம், மாத்திரை மாற்றியிருக்கிறார். ஆறரைக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று டாக்டர் முன்னாலேயே என்னை விரட்டினாள். திரும்பிவிட்டோம். உனக்கும் தெரிந்திருக்கும்.

டிப்ஸ்டிக் பார்த்து எழுது.

மாமா
மணவாளன்


வின்னிபெக்
1.2.2026

அன்புள்ள மாமாவுக்கு,

ஆயில் கோட்டுக்குள் நிற்கிறது. நுரை இல்லை.

புதன்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வியாழனும், வெள்ளியும், சனியும். சாவி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் போன் எடுக்கவில்லை. நெட் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நினைத்துக்கொண்டிருக்க முயன்றேன்.

இன்று ஞாயிறு, வேலை இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். ஏழு தாண்டி வெகுநேரம் கழித்து இன்ஜினுக்கு உயிர் வந்தது. உடனே நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. மூன்றாவது தடவைதான் ஓடியது.

அத்தை ஒரே அழுத்துதான் அழுத்துவார்கள்.

தொடக் கை வராது என்று எழுதியிருந்தீர்களே மாமா. அத்தைக்கு என்ன ஆயிற்று என்று நான் போனில் கேட்கமாட்டேன். வரிசையாகச் சொல்ல வரும்போது தாளில் எழுதுங்கள். நாளைக்கும் ஏழுக்கு முன்னால் உள்ளே உட்கார்ந்திருப்பேன். தாமதமானால் பரவாயில்லை. அணைந்தாலும் பரவாயில்லை. நான் இறங்கமாட்டேன்.

உங்கள்
வினோதினி